நடுப் பத்தியில் இருந்த 62

நான் படித்த கல்லூரியின் விடுதி வரலாற்றை ஒரு மலராகத் தொகுத்துத் தருகிறேன் என்று முன்னாள் மாணவர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டபோது, ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தால் போதும், கையிலிருந்து பத்தாயிரம் ரூபாய் போனாலும் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் பதினான்கு மாதமும் 51,000 ரூபாயும் போயின. அந்த ரூபாயில் பெரும்பகுதி என் மனைவி கட்டிவந்த சீட்டுப் பணம். அது போனது நான் விடுதி தொடங்கிய ஆண்டைத் தவறாக அச்சடித்ததால் வந்த வினை. இந்த வேலையை எடுத்துக்கொள்ளும் முன் யாராவது என்னை உட்காரவைத்து நான்கு விஷயங்களைச் சொல்லியிருந்தால் இத்தனை பட்டிருக்க மாட்டேன் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

விடுதி சேலம் நகரத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் வந்த பிறகு அதன் கீழ் வந்த பழைய கல்லூரிகளுள் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் இறுதியில் மூன்று ஆண்டு அங்கே தங்கியிருந்தேன். விடுதி எப்போது தொடங்கியது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால், முதலமைச்சராக இருந்தபோது ராஜாஜி வந்து திறந்து வைத்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1900-இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் என்பதால், இந்த ஊரில் சற்றுப் பழைய கட்டடம் எதைத் தொட்டாலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். அவர் இரண்டாம் முறை ஆட்சியில் இருந்தது 1952 ஏப்ரலிலிருந்து 1954 ஏப்ரல் வரை. அந்தக் கணக்குப்படி எழுபத்தைந்தாம் ஆண்டுப் பவள விழா நெருங்கிவிட்டது. மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொண்டாடிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த தவறுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கல்லூரி அலுவலகத்தில் தொடங்கினேன். விடுதிக் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்டு நான்கு முறை போய், நான்கு முறையும் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்ற பதிலோடு திரும்பினேன். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதிப் போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது: பழைய பதிவேடுகள் கிடைக்கப்பெறவில்லை. இந்தப் பதிலால் பயன் இல்லை என்று நினைக்காதீர்கள். நான்கு மாதம் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியதை அது முப்பது நாளில் சொல்லிவிட்டது. முதல் நாளே மனுவைப் போட்டுவிட்டு வேறு திசையில் தேடத் தொடங்கியிருந்தால் அந்த நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். கல்வெட்டு ஒன்று வாசலில் இருந்ததாகப் பலர் சொன்னார்கள். அந்தச் சுவரில் இப்போது கிரானைட் பதித்திருக்கிறார்கள். உள்ளே கல் இருக்கிறதா, எடுத்துவிட்டுத்தான் பதித்தார்களா என்று சொல்ல ஆள் இல்லை.

ஆகவே மனிதர்களின் நினைவை நம்பி இறங்கினேன். நாற்பத்தோரு பேரைச் சந்தித்தேன் அல்லது தொலைபேசியில் பேசினேன். அவர்களுள் மிகப் பழையவர் 1959-இல் சேர்ந்தவர். 'எந்த ஆண்டு?' என்று நேராகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதையும் அழுத்தம் திருத்தமாகச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக 'மெஸ் பில் எவ்வளவு வந்தது?', 'உங்களுடன் பி.யூ.சி. (புகுமுக வகுப்பு) மாணவர்கள் இருந்தார்களா?', 'விடுதியை மூடி வீட்டுக்கு அனுப்பினார்களா?' என்று கேட்டால் ஆண்டு தானாக வந்து விழும். 1965 சனவரி இறுதியில் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கல்லூரியை மூடியதும், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு நடந்ததும் அந்த அணியினருக்கு நேற்று நடந்ததுபோல் நினைவில் இருக்கிறது. 1978-இல் பள்ளிகளில் மேல்நிலைப் படிப்பு வந்து பி.யூ.சி. கல்லூரியை விட்டுப் போனதும், விடுதியில் சின்னப் பையன்களே இல்லாமல் போனதாக ஒருவர் சொன்னார். முன்பு அந்தச் சின்னப் பையன்கள்தான் அதிகாலையில் முறைவைத்துப் பால் அளக்க நின்றவர்களாம்.

விடுதியின் மரபுகள் என்று எல்லோரும் பேசியதில் முக்கால் பங்கு சாப்பாட்டைப் பற்றியதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் விடுதியில் 'டிவைடிங் சிஸ்டம்' இருந்தது. மாதம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு வரும். அவரவர் இருந்த நாட்களால் அதைப் பெருக்கி மாதக் கடைசியில் பலகையில் ஒட்டுவார்கள். மாணவர்களே மாதத்துக்கொரு மெஸ் செகரட்டரியைத் தேர்ந்தெடுப்பார்கள். அவன் சமையல் மாஸ்டருடன் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் போய் அரிசி, பருப்பு, மிளகாய் விலை பேசி எடுத்துவர வேண்டும். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வண்டா, புதுசா என்று சொல்லும் வித்தையைப் பொருளாதாரம் படித்த நான் அங்கேதான் கற்றேன். ஜூலையில் விடுதி திறந்த முதல் வாரத்தில் இரவுச் சாப்பாட்டுடன் ஆளுக்கொரு மல்கோவா வைப்பது வழக்கம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டதும் காலையில் கூழ் ஊற்றி, மாலையில் குகை வண்டி வேடிக்கை பார்க்கக் கூட்டமாகக் கிளம்புவது இன்னொரு வழக்கம். எந்த மலரிலும் 'அன்பும் கட்டுப்பாடும் நிறைந்த விடுதி' என்று எழுதிவிடலாம். மல்கோவாவை யார் கணக்கில் எழுதினார்கள் என்று விசாரித்தால்தான் அந்த விடுதி வேறு விடுதியிலிருந்து பிரிந்து தெரியும்.

மரபு என்ற பெயரில் வேறு சிலவும் வந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களை நள்ளிரவில் எழுப்பி மாடியில் நிறுத்தியதைச் சிரித்துக்கொண்டே பதிவு செய்யச் சொன்னார்கள் சிலர். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-இல்தான் வந்தது; அதற்கு முன் நடந்தது எல்லாம் விளையாட்டு என்பது அவர்கள் வாதம். அப்படி நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர் மலருக்குப் பணம் தர மறுத்து, காரணத்தையும் எழுதி அனுப்பினார். அவருடைய கடிதத்தை அவர் அனுமதியுடன் பெயரில்லாமல் போட்டேன், அந்தச் சிரிப்புக் கதைகளைப் போடவில்லை. தொடக்க காலத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தட்டி இருந்தது என்றும், அது சைவம் அசைவம் பிரிக்க மட்டுமே என்றும் இருவர் சொன்னார்கள். அப்படியில்லை என்று மூன்றாமவர் சொன்னார். சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்து 1920-களில் போராடியவர்களுள் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு நம் சேலத்துக்காரர் என்பதை நினைத்துக்கொண்டே மூவர் சொன்னதையும் அப்படியே அடுத்தடுத்து வைத்தேன். தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குச் சான்று இல்லை. இதற்கும் இரு தரப்பிலும் திட்டு வாங்கினேன்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்கொடையை என் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொன்னேன். அவசரத்தில் அதுதான் எளிதாகத் தெரிந்தது. மொத்தம் 96,500 ரூபாய் வந்தது. மூன்றாம் மாதமே, அந்தப் பணத்துக்கு வட்டி யாருக்குப் போகிறது என்று குழுவில் ஒருவர் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் தவறில்லை என்பது இப்போது புரிகிறது. இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய தனிக் கணக்கைத் தொடங்கிய பிறகுதான் ஒரு ரூபாயையேனும் வாங்க வேண்டும். மாதாமாதம் வரவு செலவை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். விடுதியில் பலகையில் கணக்கு ஒட்டி வளர்ந்த நமக்கு இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. புகைப்படங்களுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். வாங்கியவுடன் எண் போட்டு, யாருடையது என்று நோட்டில் எழுதி, முடிந்தால் அவர் வீட்டிலேயே ஸ்கேன் செய்து அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படத்தின் பின்புறம் எழுத வேண்டியிருந்தால் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். நான் பேனாவால் எழுதிய ஒன்றில் மை முன்பக்கம் ஊறி ஒருவரின் முகமே போய்விட்டது.

விடுதியின் முதல் சமையல் மாஸ்டரின் மகன் ஏற்காட்டில் இருக்கிறார் என்று பத்தாம் மாதத்தில் தெரிந்தது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏற்காட்டில் இறங்கி, நாகலூர் போகும் வழியில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்த ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அவர். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, துணியில் சுற்றியிருந்த ஒரு பேரேட்டை எடுத்து வைத்தார். மெஸ்ஸைக் குத்தகைக்கு விட்டபோது பழைய கணக்குப் புத்தகங்களை எடைக்குப் போட்டார்களாம். அவருடைய அப்பா அதில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மெஸ் பணத்திலிருந்து சம்பளம் வாங்கியவர்களுக்குப் பணி நிரந்தரம் கிடையாது. முதல் நாளிலிருந்து வேலை பார்த்தவன் என்று காட்ட அந்தப் புத்தகம் உதவும் என்று நம்பிப் பல ஆண்டுகள் மனுவோடு அதைச் சுமந்து திரிந்தாராம். ஒன்றும் நடக்கவில்லை.

பேரேட்டில் நாற்பது தாள்கள் போலத்தான் மிஞ்சியிருந்தன. முதல் பக்கத்தில் 'தொடக்க இருப்பு இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே இரண்டு பித்தளை அண்டா, ஒரு ஆட்டுக்கல், கரண்டிகள், பால், மாம்பழம் என்று வரிசையாக இருந்தது. விடுதியின் முதல் நாள் அதுதான் என்பதில் சந்தேகமில்லை. மேல் மூலையைச் செல் அரித்திருந்ததால் ஆண்டு போய்விட்டது. 'ஜூலை 7, திங்கட்கிழமை' என்பது மட்டும் நின்றது. கை நடுங்கக் கைப்பேசியில் நாட்காட்டியைத் தேடினேன். 1952 ஜூலை 7 திங்கட்கிழமை! ராஜாஜி பதவியேற்று மூன்று மாதம் ஆகியிருந்த நேரம். பக்கத்தில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள் அச்சாகியிருந்தன, கடைசிப் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்திருந்தது. அணாக் காலத்துப் புத்தகம், வேறென்ன வேண்டும்? அந்த மகிழ்ச்சியில் அவர் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் ஆறவிட்டேன். முதல் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு மலை இறங்கிய அந்தப் பேருந்துப் பயணத்தைப்போல் நிறைவாக நான் பல ஆண்டுகள் இருந்ததில்லை.

192 பக்கம், 500 பிரதி, பிரதிக்கு 165 ரூபாய் வீதம் 82,500 ரூபாய் என்று அச்சகத்தில் பேசி முடித்தேன். தட்டச்சு, ஸ்கேன், பயணம் எல்லாம் சேர்ந்து 31,000 ஆகியிருந்தது. அட்டையில் 'பவள விழா மலர், 1952' என்று பொன்னிறத்தில் போட்டு, ஒன்பதாம் பக்கத்தில் பேரேட்டின் மேற்பாதியைச் சான்றாக வெளியிட்டேன். விழாவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது புத்தகங்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்து இறங்கின.

முதல் பிரதியைச் சூரமங்கலத்தில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1961-இல் பி.யூ.சி. சேர்ந்து விடுதியில் தங்கியவர், கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். மெய்ப்பைப் படிக்க அவருக்கு அனுப்பலாமா என்று யோசித்து, கண் சரியில்லாதவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டிருந்தேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒன்பதாம் பக்கத்தின் மேல் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு விரலை நடுப் பத்தியில் வைத்து, "தம்பி, அணா பதினஞ்சுக்கு மேல போகாதே. இங்க அறுபத்தி ரெண்டு எப்படி வந்துச்சு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். 37, 62, 75, மறுபடியும் 37. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய் ஆகிவிடும். ஆகவே அணாப் பத்தியில் 15-க்கு மேல் எண் வரவே வராது. அது நயா பைசாக் கணக்கு. ரூபாயை நூறு நயா பைசாவாகப் பிரித்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. பழைய அச்சுப் புத்தகம் மிச்சமிருந்ததால் அணாப் பத்தியில் நயா பைசாவை எழுதி, பைப் பத்தியை அடித்துவிட்டிருக்கிறார் அந்த எழுத்தர். இன்னும் ஒன்றையும் பெரியவர் சொன்னார்: ஆறணா என்றால் 37 நயா பைசா, பத்தணா என்றால் 62. கடைக்காரர் அணாவில்தான் விலை சொல்லியிருக்கிறார், எழுத்தர்தான் மாற்றி எழுதியிருக்கிறார். புது நாணயம் வந்த தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் நடக்கும் என்றார். வீட்டுக்கு வந்து நாட்காட்டியை மறுபடி பார்த்தேன். 1958 ஜூலை 7-உம் திங்கட்கிழமை. அடுத்துப் பொருந்துவது 1969, ஆனால் இவரே 1961-இல் அங்கே சாப்பிட்டவர். ஆக, விடுதி திறந்தது 1958-இல். ராஜாஜி பதவி விலகி நான்கு ஆண்டு கழிந்து, காமராசர் முதலமைச்சராக இருந்த காலம்.

நான் நாட்காட்டியில் தேடும்போதே 1952, 1953, 1954 என்ற மூன்று ஆண்டுகளை மட்டும்தான் தட்டிப் பார்த்திருக்கிறேன். கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். விடுதி 1952-இல் திறந்திருந்தால், அதற்கடுத்த ஏழு ஆண்டு மாணவருள் ஒருவர்கூட என் நாற்பத்தோரு பேரில் அகப்படாதது ஏன் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சான்று என்று நான் அச்சிட்ட படமே என்னைப் பொய்யனாக்கிக்கொண்டு 500 பிரதிகளிலும் உட்கார்ந்திருந்தது. பேசாமல் விட்டுவிடலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, அணாவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மனம் வாதாடியது. மறுநாள் குழுவில் உண்மையை எழுதினேன். பவள விழா 2033-இல்தான் வரும் என்றால் நாங்கள் எங்கே போவது என்று 1960-களின் அணியிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விழாவைச் சாதாரண ஒன்றுகூடலாக மாற்றி, அட்டையையும் முதல் பதினாறு பக்கப் பாரத்தையும் மறுபடி அச்சடித்து, பழைய கட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்ட 34,000 ரூபாய் ஆனது. சீட்டுப் பணம் போனது அப்போதுதான். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஆண்டு தெரியாத தாள் கிடைத்தால், உங்களுக்கு வேண்டிய ஆண்டு பொருந்துகிறதா என்று பார்க்கும் முன், எந்தெந்த ஆண்டு பொருந்தாது என்று பாருங்கள். நயா பைசா என்று இருந்தால் 1957-க்குப் பின். 'நயா' என்ற சொல்லை அரசு விட்டது 1964 ஜூனில். முத்திரையில் சென்னை மாநிலம் என்று இருந்தால் 1969 சனவரி 14-க்கு முன்பு, அன்றுதான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. மாணவன் முகவரியில் 'தர்மபுரி, சேலம் ஜில்லா' என்று இருந்தால் பெரும்பாலும் தர்மபுரி தனி மாவட்டமான 1965-க்கு முன்பு. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது வந்த 1972-க்குப் பின்பு. இருந்தாலும் எங்கள் பேரேடுபோல் பழைய அச்சுத்தாளைத் தீரும்வரை பயன்படுத்துவது நம் அலுவலகங்களின் வழக்கம், எனவே அச்சில் இருப்பதைவிடக் கையால் எழுதியிருப்பதை நம்புங்கள். மெய்ப்பை ஊரிலேயே வயதான, கணக்குப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் கட்டாயம் கொடுங்கள். அச்சகத்தில் முதலில் இருபது பிரதி மட்டும் டிஜிட்டலில் எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அதற்கு ஆகும் சில ஆயிரங்கள் எனக்கு ஆன 34,000-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒன்றுகூடல் முடிந்த மாதம், திருத்திய மலருடன் மறுபடி ஏற்காட்டுக்குப் போனேன். பேரேட்டை முழுவதுமாக ஸ்கேன் செய்து அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. கல்லூரிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, ஒரு முறை எடைக்குப் போட்டவர்களிடம் மறுபடி எதற்கு என்றார். மலரைக் கையில் வாங்கி ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, படத்துக்குக் கீழே எதையோ தேடினார். பிறகு பேரேட்டைத் துணியிலிருந்து பிரித்து அதே பக்கத்தின் அடிப்பாகத்தைக் காட்டினார். கடைசி வரியில் சமையல் மாஸ்டருக்கு முன்பணம் 5 ரூபாய் என்று எழுதி, பக்கத்தில் ஊதா மையில் பெருவிரல் ரேகை ஒன்று வட்டமாகப் பதிந்திருந்தது. "இதுக்காகத்தான் அப்பா இந்தப் புக்க வெச்சிருந்தாரு" என்றார். படத்தில் நான் மேற்பாதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். இரண்டாம் முறை அச்சடித்தபோதும் அதே படத்தைத்தான் போட்டிருந்தேன்.